நீரைப் பற்றி வைக்கும் கூழ்: மேட்டுநிலப் பயிருக்கு அதன் பயனும் எல்லையும்

ஊவா மேட்டுநிலங்களிற் பயிர் செய்யும் கமக்காரர்களுக்கு ஆனி பிறந்தவுடன் நீரைப் பற்றிய கவலையும் பிறக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகப் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளில் இறங்குகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது இக்காற்றே. அதே காற்று தக்காளி நாற்றையும் போஞ்சிக் கொடியையும் வாட்டுகின்றது. பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் நடுவோருக்கு ஒவ்வொரு நீர்ப்பாய்ச்சலும் செலவாகும்.

பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களில் இக்கவலை இன்னும் மிகுதி. 2014ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் நீர் பெருகத் தொடங்கிய பின்னர் அங்கே பல கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் வந்தபோது நீர் உள்ள இடத்திலும் இறைப்பது அரிதாயிற்று. இவற்றைக் கண்டவர்கள், நீரைச் சிக்கனமாக்கும் பொருள் எதுவெனினும் அதனை நாடுவது இயல்பேயாகும்.

அத்தகைய பொருள்களுள் ஒன்று "ஜெல்" என்னும் பெயரால் விற்கப்படும் வெண்ணிறத் தூள். அறிவியலார் இதனை ஐதரோஜெல் என்பர். நாம் இங்கே நீர்க்கூழ் என்போம். இத்தூள் தன் நிறையைப் போலப் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் என்பது உண்மை. ஆயினும் அதனை வயலிலிட்டால் இறைப்பே வேண்டாம் என்பது உண்மையன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்துகொண்டால் உங்கள் பணம் வீணாகாது.

நீர்க்கூழ் என்பது யாது?

பலூடாவில் இடும் கசகசாவை நீங்கள் அறிவீர்கள். உலர்ந்த விதையை நீரிலிட்டதும் அதனைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை பருக்கின்றது. கடற்பாசியிலிருந்து காய்ச்சியெடுக்கும் சைனா கிராஸ் சிறிதளவே ஆயினும் பாத்திரம் நிறைந்த நீரைக் கட்டியாக நிறுத்துகின்றது. இவையிரண்டும் இயற்கை தந்த நீர்க்கூழ்களாம்.

இவற்றின் உள்ளமைப்பை மீன்வலைக்கு ஒப்பிடலாம். நீண்ட நூலிழைகள் பல, ஆங்காங்கே முடிச்சிடப்பட்டு வலையாகியுள்ளன. இழைகள் நீரை விரும்புவன; ஆதலின் நீர் உட்புகுகின்றது. முடிச்சுகள் இருப்பதனால் இழைகள் கரைந்துபோகாமல் வலை விரிந்து நிற்கின்றது. கடையில் விற்கும் தூள்களிற் பெரும்பாலானவற்றில் இழையெங்கும் மின்னேற்றம் உண்டு. ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதாலும், அவற்றுடன் சேர்ந்துள்ள சோடியம் அல்லது பொற்றாசியம் நீரை உள்ளிழுப்பதாலும் வலை மிகப் பெரிதாக விரிகின்றது.

இவ்வகைக் கூழ்களை முதன்முதலிற் செவ்வனே ஆராய்ந்தவர்களுள் செக் நாட்டு வேதியியலார் ஒட்டோ விக்டர்லேயும் டிராகொஸ்லாவ் லிம்மும் குறிப்பிடத்தக்கவர்கள். 1960ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் வழியே கண்ணில் அணியும் மெல்லிய வில்லை பிறந்தது. பின்னர் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தார் சோள மாப்பொருளைக் கொண்டு பெருமளவு நீரை உறிஞ்சும் கூழைச் செய்தனர். குழந்தைகளின் அணையாடைகளில் இன்று இருப்பதும் இவ்வினத்துப் பொருளே. இந்தியாவில், புதுடில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவகம், தாவர நார்ப்பொருளாகிய செலுலோசை அடிப்படையாகக் கொண்டு "பூசா ஹைட்ரோஜெல்" என்பதனை வெப்பமான நிலங்களுக்கென ஆக்கியுள்ளது. அது தூய நீரில் தன் நிறையின் 350 மடங்குக்குக் குறையாது உறிஞ்சும் என்றும், ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோகிராம் போதும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

தூண்டலும் துலங்கலும்

நீர்க்கூழ் வெறும் பஞ்சு அன்று. பஞ்சு எந்த நீரையும் ஒரே அளவில் உறிஞ்சும். நீர்க்கூழோ தன்னைச் சூழ்ந்த நிலைமைக்கு ஏற்பப் பருக்கவும் சுருங்கவும் செய்யும். பாடசாலையிற் பயிலும் உங்கள் பிள்ளைகள் தூண்டல், துலங்கல் எனப் படிப்பார்கள். கூழுக்கும் அவை உண்டு. 1978ஆம் ஆண்டில் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தோயோஇச்சி தனக்கா என்பவர், சூழல் சிறிது மாறிய மாத்திரத்திலேயே ஒரு கூழின் கனவளவு திடீரெனப் பன்மடங்கு மாறக்கூடும் எனக் காட்டினார். கமக்காரர் அறியவேண்டிய தூண்டல்கள் நான்கு.

1. உப்பு: மியூரியேற்றுப் பொற்றாசு (எம்.ஓ.பி.), அமோனியம் சல்பேற்று ஆகிய பசளைகள் நீரிற் கரைந்தால் உப்புகளாம். கூழுக்கு வெளியேயும் உப்பு மிகுந்திருக்கும்போது உள்ளே நீரை இழுக்கும் வலிமை குறைகின்றது, கூழ் சிறுக்கின்றது. யூரியா கரைந்தவுடன் மின்னேற்றம் அற்றது; ஆதலின் உடனடியாக அதிகம் தடை செய்யாது. ஆயினும் மண்ணில் அது அமோனியமாக மாறிய பின்னர் அதுவும் உப்பைப் போலவே தொழிற்படும்.

2. சுண்ணாம்புச் சத்து: டொலமைட்டில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் ஏனைய உப்புகளிலும் கடுமையானவை. அவற்றின் ஒவ்வோர் அணுவும் இரண்டு கைகள் உடையதுபோல இரண்டு இழைகளைப் பற்றிப் புதிய முடிச்சிடுகின்றது. பொற்றாசுப் பசளையாற் சுருங்கிய கூழ் நல்ல மழையில் உப்புக் கழுவப்பட்டால் மீண்டும் பருக்கும். கல்சியத்தால் முடிச்சுண்ட கூழ் மழை நீரால் எளிதில் மீளாது.

3. புளிப்பு: ஊவா மேட்டுநிலத்துச் செம்மஞ்சள் மண் பெரும்பாலும் புளிப்பானது. புளிப்பு மிகும்போது இழைகள் தம் மின்னேற்றத்தை இழக்கின்றன. அதனாலும் கூழ் குறைவாகவே பருக்கும்.

4. வெப்பம்: சில கூழ்கள் சூடேறினாற் சுருங்கும். ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயன்படும் ஒருவகைக் கூழ் ஏறக்குறைய 32 பாகை செல்சியசில் நீரைக் கக்கிச் சுருங்குகின்றது. வயலுக்கு விற்கப்படும் வகைகள் வேறு. அவற்றில் வெப்பத்தின் விளைவு இவ்வளவு கடுமையன்று.

புளிப்பைத் தீர்க்க டொலமைட்டு இடவேண்டும். டொலமைட்டோ கூழைச் சுருக்கும். ஊவாக் கமக்காரருக்குக் கூழைப் பற்றிய முதற் சிக்கல் இதுவே. பொதியிற் குறித்த மடங்கு தூய நீருக்கு உரியது. உங்கள் மண்ணுக்கு உரியதன்று.

வீட்டிற் செய்து பார்க்கத்தக்க சோதனை

ஏக்கர்க் கணக்கில் வாங்குமுன் 10 கிராம் தூளை மட்டும் பெறுங்கள். அதனைத் தாளிற் பரப்பிப் பத்துச் சம கூறுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 கிராம் ஆகும். நான்கு பாத்திரங்களில் ஒவ்வொன்றிலும் 1 லீற்றர் நீர் எடுங்கள்.

(அ) மழை நீர்.

(ஆ) நீங்கள் பாய்ச்சும் கிணற்று நீர் அல்லது ஓடை நீர்.

(இ) உங்கள் பாத்தி மண் இரண்டு கைப்பிடியை மழை நீரிற் கலக்கி, ஓரிரவு தெளியவிட்டு வடித்த நீர்.

(ஈ) ஒரு தேக்கரண்டி எம்.ஓ.பி. பசளை கரைத்த மழை நீர்.

ஒவ்வொன்றிலும் ஒரு கூறு தூளை இட்டு 2 மணி நேரம் வைத்திருங்கள். பின்பு மெல்லிய துணியில் 10 நிமிடம் வடியவிட்டு, வடிந்த நீரை அளந்து பாருங்கள். 1 லீற்றரிற் குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் கூழ் பற்றிய நீராகும். (அ) பாத்திரத்தில் 300 மில்லிலீற்றர் குறைந்திருப்பின், அத்தூள் 300 மடங்கு பற்றியது என்பது பொருள். (இ) பாத்திரத்துக் கணக்கே உங்கள் வயலுக்கு மிக அண்மையானது. அது (அ) பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தால், அத்தூளை வாங்காதிருப்பதே நன்று.

இறுதியாக, மழை நீரிற் பருத்த கூழிற் சிறிதெடுத்து ஒரு சிட்டிகை கறியுப்பைத் தூவுங்கள். சிறிது நேரத்திற் கூழ் நீரை விட்டுத் தளர்ந்து சுருங்குவதைக் காண்பீர்கள். நாற்றின் அடியில் பசளையைக் குவித்து இட்டால் மண்ணினுள்ளும் இதுவே நிகழும்.

கணக்குப் பார்த்தல்

ஏக்கருக்கு 2 கிலோகிராம் தூள் இடுவதாகக் கொள்வோம். அது 350 மடங்கு பருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு தடவையிற் பற்றக்கூடிய நீர் 700 லீற்றர். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 4,000 லீற்றர். காற்றும் வெயிலும் உள்ள நாளில், தழைத்து நிற்கும் மரக்கறிப் பயிருக்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீர், அதாவது 16,000 லீற்றர் செலவாகும். அவ்வாறாயின் ஏக்கர் முழுவதிலும் இட்ட கூழ் பற்றிவைப்பது ஒரு நாட் தேவையின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

மழையோ பாய்ச்சலோ வரும்போதெல்லாம் கூழ் திரும்பவும் நிரம்பும் என்பது மெய்யே. ஆயினும் அது நீரைத் தோற்றுவிப்பதில்லை. வந்த நீரிற் சிறிதளவை வேரண்டையிற் பிடித்து வைக்கின்றது. குளத்தின் வேலையைக் கூழிடம் எதிர்பார்க்கலாகாது.

எங்கே பயன்படும்? எங்கே பயன்படாது?

சிறிதளவு நீரே உயிரைக் காக்கும் இடத்திற் கூழ் பயன்படும். அத்தகைய இடம் நாற்று. பிடுங்கி நட்ட முதற் சில நாட்களில் நாற்றின் வேர் சிறிது. அது தொடும் மண்ணும் சிறிது. அந்நாட்களில் வேரண்டை நிற்கும் சில தேக்கரண்டி நீரும் பெறுமதியானது. ஆதலின் தக்காளி, கறிமிளகாய், கோவா முதலியவற்றின் நாற்றுத் தட்டுகளிலும், நாற்றுக் குழிகளிலும், லயன்களை அடுத்த சிறு தோட்டங்களிற் சாடிகளில் வளர்க்கும் பயிர்களிலும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீர் நிற்கும் நெல் வயலுக்கு இதனாற் பயனில்லை. அங்கே குறைவது ஈரத்தைப் பற்றும் பொருளன்று. நீர் தங்காத வரம்பைத் திருத்துவதும், நன்கு சேறடித்து மட்டப்படுத்துவதுமே நெல்லுக்குச் சிக்கனம் தரும். பெரும்போக மழைக்காலத்து மரக்கறிக்கும் இது வேண்டாம். வடிகால் குறைந்த நிலத்தில் வேரைச் சுற்றி எந்நேரமும் ஈரம் நின்றால் அழுகல் நோய்களுக்கு இடமாகும். உருளைக்கிழங்கு விதையை ஒட்டிக் கூழ் இடுவதையும் தவிர்க்கவேண்டும்.

சோதித்துப் பார்ப்போர் கைக்கொள்ள வேண்டிய முறை

1. மண் பரிசோதனையின்படி டொலமைட்டு இடவேண்டுமாயின், அதனை நடுகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே மண்ணுடன் கலந்துவிடுங்கள். கூழ் இடும் குழியில் டொலமைட்டை இடாதீர்கள்.

2. நாற்றுத் தட்டுக் கலவை 1 லீற்றருக்கு 1 கிராம் தூள் போதும். 2 கிராமுக்கு மேற்படலாகாது. மிகுதியாக இட்டால் கூழ் பருத்து நாற்றை மேலே தள்ளும். வேருக்குக் காற்றும் கிடையாது.

3. வேரைத் தோய்த்து நடுவதாயின், 1 லீற்றர் நீரில் 2 கிராம் நுண்ணிய தூளைக் கலக்கி அரை மணி நேரம் வைத்து, நடும் வேளையில் நாற்றின் வேரை அதில் தோய்த்தெடுங்கள். தோய்த்த நாற்றை வெயிலில் வைக்கலாகாது.

4. பசளையைக் கூழிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் இடுங்கள். ஒரே தடவையில் இடாது பிரித்துப் பிரித்து இடுவது நன்று.

5. ஒரே அளவான இரண்டு பாத்திகளை அருகருகே அமையுங்கள். ஒன்றிற் கூழ் இட்டும் மற்றதில் இடாமலும் நடுங்கள். எத்தனை நாற்றுகள் தப்பின, எத்தனை முறை நீர் ஊற்றினீர்கள், செலவு எவ்வளவு என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அடுத்த போகத்தில் வாங்குவதா விடுவதா என்பதற்கு அக்கொப்பியே சாட்சி.

எச்சரிக்கை

தூளை மூச்சில் இழுக்கலாகாது. அளக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நனைந்த தூள் தரையிற் சிந்தினால் மிகவும் வழுக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீர்முத்து எனப்படும் நிறமூட்டிய மணிகளும் இக்கூழே. சிறு குழந்தை அதனை விழுங்கினால் அது குடலினுட் பருத்து அடைப்பை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகக்கூடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

செயற்கைப் பொருளால் ஆன கூழ்கள் மண்ணில் மிக மெதுவாகவே சிதையும். ஆதலின் எப்பொருளால் ஆனது என்று பொதியிற் குறிக்கப்படாத தூளை வாங்காதீர்கள்.

ஈரத்தை அறியும் கூழ், அசையும் கூழ்

கூழ் உப்புக்கும் ஈரத்துக்கும் ஏற்ப உருமாறுவது நாற்றுக் குழியில் ஒரு குறைபாடு. ஆய்வாளர்களுக்கோ அதுவே பெரிய வாய்ப்பாகத் தோன்றியுள்ளது. பருக்கும் பொருள் எதனையும் தள்ளும். சுருங்கும் பொருள் இழுக்கும். ஆகவே எந்திரமும் மின்சாரமும் இல்லாமலே கூழினால் ஒரு சிறு வாயிலைத் திறக்கவும் மூடவும் இயலும். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டேவிட் பீபியும் அவருடன் உழைத்தோரும், திரவத்தின் புளிப்பு மாறுந்தோறும் தானே பருத்தும் சுருங்கியும் நுண்ணிய வாய்க்காலை அடைத்துத் திறக்கும் கூழ் வாயிலைச் செய்து காட்டினர்.

இது புதுமையாகத் தோன்றினும் உங்கள் ஊரிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. பைன் காட்டில் உதிர்ந்த காயை எடுத்து நீரில் ஊறவிடுங்கள். அதன் செதில்கள் மூடிக்கொள்ளும். உலரவிடுங்கள், அவை திறக்கும். செதிலின் ஒரு படை மற்றப் படையிலும் மிகுதியாக உப்புவதே காரணம். தொட்டாற்சிணுங்கி இலை மடிவதும், இலைத் துளைகள் திறந்து மூடுவதும் நீர் இடம் மாறுவதாலேயே நிகழ்கின்றன. மென்மையான அசைவுறுப்புகள் எனப்படுவன இத்தத்துவத்தைப் பின்பற்றியவையே.

கூழ் உணர்வுறுப்பாகவும் தொழிற்படும். உப்பு நீர் கொண்ட கூழ் மின்னைக் கடத்தும். அதனை இழுத்தாலும், அதிலுள்ள நீர் குறைந்தாலும் மின் செல்லும் அளவு மாறும். 2013ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இத்தகைய கூழைக் கடத்தியாகக் கொண்டு, கண்ணாடிபோலத் தெளிந்த ஒலிபெருக்கியைச் செய்தனர். வளைந்து கொடுக்கும் இத்தகைய பொருளை இலையிலோ தண்டிலோ ஒட்டினால், பயிர் வாடுமுன் அதன் நீர்நிலையை அறியலாம் என்ற நோக்கில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. கூழே வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துபோவது இவ்வழியில் உள்ள தடை. நமது ஆடிக் காற்று அத்தடையை நன்கு உணர்த்தும்.

உங்கள் கையே இன்றைய ஈரங்காட்டி

அத்தகைய கருவிகள் வயலுக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எப்போது நீர் பாய்ச்சவேண்டும் என்று அறிவதே நீர்ச் சிக்கனத்தின் பாதி. பாத்தியில் 15 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். விரலிடையே நீர் கசிந்தால் பாய்ச்சவேண்டாம். உருண்டையாகி, விரலால் தட்ட உடைந்தால் அடுத்த நாளும் இவ்வாறே பாருங்கள். உருண்டையாகாது உதிர்ந்தால் காலம் தாழ்ந்துவிட்டது, உடனே பாய்ச்சுங்கள். வசதியுடையோர் சங்கமாகச் சேர்ந்து மண் ஈர இழுவைமானி ஒன்றை வாங்கலாம். உருளைக்கிழங்குக்கு அதன் முள் ஏறக்குறைய 25 முதல் 35 சென்றிபாரில் நிற்கும்போது நீர் பாய்ச்சுதல் தகும்.

ஏக்கர் முழுவதற்கும் ஈரத்தைப் பற்றி வைக்கவல்லவை கூட்டெருவும் மூடாக்குமே. பெரும்போகத்து வைக்கோலை எரியாது சேமித்துச் சிறுபோகப் பாத்திகளிற் பரப்புங்கள். தேயிலைத் தோட்டங்களை அடுத்திருப்போர் மானாப் புல்லை வெட்டிப் பரப்பலாம். மூடாக்கு, காற்று கவர்ந்து செல்லும் ஈரத்தைத் தடுக்கும். பின்பு மக்கி மண்ணாகும். டொலமைட்டு இட்டாலும் பசளை இட்டாலும் அதன் பயன் கெடுவதில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

- நீர்க்கூழ் நீரைத் தோற்றுவிப்பதில்லை. வந்த நீரைச் சிறிதளவு பிடித்து வைக்கும்.
- உப்பு, டொலமைட்டு, புளிப்பு ஆகிய மூன்றும் அதன் வலிமையைக் குறைக்கும்.
- நாற்றுக்கும் சாடிக்கும் சோதித்துப் பார்க்கலாம். நெல்லுக்கும் ஏக்கர் முழுவதற்கும் வேண்டாம்.
- முதலிற் கூட்டெருவும் மூடாக்கும். அடுத்தது ஈரம் பார்த்துப் பாய்ச்சுதல். கூழ் அவற்றுக்குப் பின்னரே.
- வாங்குமுன் நான்கு பாத்திரச் சோதனையைத் தவறாது செய்யுங்கள்.

சோதனையின் முடிவையும் இரண்டு பாத்திகளின் கணக்கையும் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் மண்ணிற் கண்ட பயன் அயலிலுள்ள கமக்காரருக்கும் வழிகாட்டும்.